சிரட்டையும் பேணியும்: சிறுவர் தாமே செய்யும் தாள வாத்தியங்கள்

முன்பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் பணம் இல்லை என்பது கிராமத்து ஆசிரியைகளிடம் அடிக்கடி கேட்கும் குறை. குறை நியாயமானதே. ஆனால் தாள வாத்தியங்களைப் பொறுத்தவரை கடைக்குப் போக வேண்டியதில்லை. குசினியில் கழிக்கும் சிரட்டை, வெறும் பால்மாப் பேணி, யோகட் கோப்பை, புளியங்கொட்டை ஆகியவையே போதும். நாலைந்து வயதுப் பிள்ளைகள் இவற்றைத் தாங்களே செய்யும்போது, வாங்கிக் கொடுத்த மேளத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கின்றது. சத்தம் எப்படி உண்டாகின்றது, எதை மாற்றினால் அது மாறுகின்றது என்பதை அவர்கள் தங்கள் கையாலேயே அறிந்துகொள்கிறார்கள்.

முதல் நாளுக்குச் சிரட்டையே நல்லது. தேங்காயைச் சரிபாதியாக உடைத்துத் துருவி எடுப்பது பெரியவர் வேலை. தும்பைப் பிய்ப்பதும் விளிம்பைத் தேய்ப்பதும் பிள்ளைகளின் வேலை. கருங்கல்லில் சிறிது தண்ணீர் தெளித்து, சிரட்டையைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அலுக்காது, ஆசிரியைக்குத்தான் அலுக்கும். விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக் குத்தவில்லை என்றால் வாத்தியம் ஆயத்தம். இரண்டு பாதிகளையும் வாயோடு வாய் சேர்த்துத் தட்டினால் கணீரென்று கேட்கும். பின்னர் ஒன்றுக்குள் துணியை அடைத்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் அடங்கிப் போகும். ஏன் என்று கேட்டபோது, ஒரு சிறுமி "உள்ளுக்கு இடமில்லை ரீச்சர்" என்றாள். சிரட்டையும் அதற்குள் இருக்கும் காற்றும் அதிர்வதற்கு இடம் வேண்டும் என்பதை நான் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

கிலுகிலுப்பையிலும் இதே பாடம் உண்டு. பனையோலையில் பின்னிய கிலுகிலுப்பை எங்கள் ஊர்களில் பழைய விளையாட்டுப் பொருள். இப்போது ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, புளியங்கொட்டையை விரும்பிய அளவுக்குப் போடச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாரும் கழுத்துவரை நிரப்புவார்கள். தடுக்க வேண்டாம். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வராது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் குறைத்து, கால் போத்தல் அளவில் வந்து நிற்பார்கள். மணல் போட்டவனுக்கு மழை தூறுவது போலவும், சிறுகல் போட்டவளுக்குத் தகரக் கூரையில் மழை பெய்வது போலவும் கேட்கும்.

மேளத்துக்குப் பால்மாப் பேணி அல்லது சிறிய மண்சட்டி வேண்டும். பேணியின் வெட்டு விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடித்துத் தட்டி, மேலே துணி நாடா சுற்றிவிடுவது அவசியம். தடித்த மண்ணிறத் தாளைத் தண்ணீரில் நனைத்து, கோதுமை மாப் பசை தடவி, மூன்று நான்கு படையாக வாயின் மேல் இழுத்து ஒட்டி, சுற்றிவரக் கயிற்றால் கட்டுங்கள். ஈரத்தில் தொய்ந்து கிடக்கும் தாள் காயும்போது சுருங்கி இறுகும். அடுத்த நாள் விரலால் சுண்டினாலே பேசும். மழை நாளில் மறுபடி தொய்யும். பறைமேளக் கலைஞர் தோலை நெருப்பில் காட்டிச் சூடாக்குவதும் இதே காரணத்திற்காகத்தான். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை முன்பள்ளிக்கு அழையுங்கள். அவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்து பழக முன்னரே, அவர் கதிரையில் இருந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை அவர்கள் காணட்டும்.

எதை எடுக்கக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். பூச்சிநாசினி, களைநாசினி வந்த போத்தல்களும் பேணிகளும் எத்தனை முறை கழுவினாலும் பிள்ளைகளின் கைக்கு ஆகாதவை. பழைய பெயின்ற் பேணி, சீமெந்துப் பையின் கடதாசி ஆகியவையும் வேண்டாம். விதைகளில் குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை, மஞ்சள் அலரி ஆகிய நான்கும் கொடிய நஞ்சு. குன்றிமணியின் நிறத்தையும் அலரிக் கொட்டையின் கடினமான ஓட்டையும் கண்டால், கிலுகிலுப்பைக்கு இதைவிட ஏற்றது இல்லை என்றே தோன்றும். கடித்து உடைத்த குன்றிமணி ஒன்றே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

நஞ்சில்லாத விதையும் ஆபத்தானதே. நான் உதவிய ஒரு முன்பள்ளியில் யோகட் கோப்பையின் வாயைப் பசையால் மட்டும் ஒட்டிவிட்டேன். இரண்டாம் நாள் அது திறந்து பயறு சிதறியது. ஒரு பிள்ளை ஒரு பயற்றை மூக்குக்குள் செருகிவிட்டது. மூக்கின் ஈரத்தில் பயறு ஊதும். நல்லவேளையாக யாரும் ஊசி கொண்டு கிண்டவில்லை, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூடிய வாயின் மேல் துணி போட்டுக் கட்டி, அதன் மேலும் கடதாசி ஒட்டுகிறோம். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை உள்ள வீட்டுக்குக் கிலுகிலுப்பையைக் கொடுத்தனுப்புவதில்லை. கிழமைக்கு ஒருமுறை வெடிப்பு உண்டா என்று பார்த்து, வெடித்ததை எறிந்துவிடுகிறோம்.

தட்டுவது படிப்பா?

"என்ன ரீச்சர், சிரட்டை தட்டவோ பிள்ளை இங்கை வாறவன்? ஆனா ஆவன்னா எப்ப எழுதப் போறான்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அவரையே வாங்கில் இருத்தி, பிள்ளைகளுடன் சேர்ந்து சொற்களைத் தட்ட வைத்தோம். தேங்காய்க்கு இரண்டு தட்டு, மாம்பழத்துக்கு மூன்று, முருங்கைக்காய்க்கு நான்கு. புளியங்கொட்டை ஐந்து என்று மகன் தட்ட, தகப்பன் நான்கில் தவறினார். ஒரு சொல்லைக் காதால் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு, பிறகு அதை எழுத்தாகப் பிரிப்பது எளிது. அவர் முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த கிழமை ஒரு பை சிரட்டை கொண்டுவந்து தந்தார்.

இன்னொரு பயனும் உண்டு. மரியா மொன்ரிசோரி 1939 இல் இந்தியாவுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தை அங்கே கழித்து, 1944 இல் இலங்கைக்கும் வந்தவர். அவருடைய கற்றல் உபகரணங்களில் ஆட்டிப் பார்த்துச் சோடி சேர்க்கும் சத்தப் பெட்டிகளும் உள்ளன. அதை நாங்கள் யோகட் கோப்பையில் செய்தோம். மணல், அரிசி, பயறு, புளியங்கொட்டை, சிறுகல் ஆகியவற்றை இரண்டிரண்டு கோப்பைகளில் ஒரே அளவாக இட்டு, உள்ளே தெரியாதபடி கடதாசி ஒட்டினோம். ஒரே சத்தம் உள்ளவற்றைப் பிள்ளை தேடிச் சேர்க்க வேண்டும்.

சொல்வழி கேளாதவன் என்று பெயர் எடுத்த ஒரு சிறுவன் அங்கே இருந்தான். கூப்பிட்டால் வரமாட்டான், கதை சொல்லும்போது எழும்பிப் போய்விடுவான். கல்லையும் புளியங்கொட்டையையும் அவன் சரியாகச் சேர்த்தான். மணலும் அரிசியும் வந்தபோது கோப்பையை ஆட்டுவதை விட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருத்தி, பின்னால் நின்று மெதுவாகத் தட்டி, அதையே திருப்பித் தட்டச் சொன்னோம். அவன் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். சொல்வழி கேளாமை அல்ல, காது கேளாமை.

தாயிடம் சொன்னபோது, அவனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே காது ஒழுகுவதாகவும், எண்ணெய் காய்ச்சி விட்டு வருவதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பார்த்துச் செவிப்பறையில் ஓட்டை என்றார். தாய்க்கு அது விளங்கவில்லை. காய்ந்த கடதாசி மேளம் ஒன்றை எடுத்துத் தட்டிக் காட்டி, அதில் விரலால் ஓட்டை போட்டு மறுபடி தட்டிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எண்ணெய் விடுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

உங்கள் முன்பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இந்த விளையாட்டு வைத்தியப் பரிசோதனை அல்ல. சந்தேகம் வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தப் பிள்ளையை முன்வரிசையில், உங்கள் முகம் தெரியும்படி இருத்துங்கள். ஒழுகும் காதுக்குள் எண்ணெயோ பச்சிலைச் சாறோ விட வேண்டாம். தலைக்கு வார்க்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்க்கும்படியும், ஒழுக்கு நிற்கும்வரை குளத்தில் முழுகவிட வேண்டாம் என்றும் தாயிடம் சொல்லுங்கள்.