கல்லறையில் பென்சில் வைக்கிறார்கள்!

கல்லறைக்குப் போகிறவர்கள் பூ கொண்டு போவார்கள். மெழுகுவர்த்தி கொண்டு போவார்கள். பென்சில் கொண்டு போவார்களா?

அமெரிக்காவில் ஓர் ஊரில் கொண்டு போகிறார்கள்!

அங்கே ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதில் "ஹென்றி" என்று ஒரே ஒரு பெயர். பிறந்த தேதி இல்லை. இறந்த தேதி இல்லை. கல்லின் முன்னால் பென்சில்கள் கிடக்கின்றன.

அந்த ஊரின் பெயர் கான்கார்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில், மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. மிடில்செக்ஸ் கவுண்டியில் 54 ஊர்கள். 1997-ம் ஆண்டில் அதன் நிர்வாகத்தைக் கலைத்துவிட்டார்கள். பெயரும் எல்லையும் மட்டும் மிச்சம்.

ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கும் இடுகாடுகளைச் சுற்றி வந்தால், அமெரிக்க சரித்திரத்தில் பாதி தெரிந்துவிடும். புகழ் பெற்றவர்கள் அத்தனை பேர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் பலரை, உயிரோடு இருந்த காலத்தில், ஊரார் பெரிதாக மதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரே ஓர் இரவு

"ஹென்றி" யார்? ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர். அவருடைய தந்தை பென்சில் செய்து விற்றார். அந்தக் காலத்து அமெரிக்கப் பென்சில் எழுதினால் தீற்றும். தோரோ, காரீயகத்துடன் களிமண்ணைக் கலந்து நல்ல பென்சில் செய்தார். இன்று கல்லறையில் பென்சில் வைப்பது அதனால்தான்.

பென்சில் வியாபாரத்தில் அவர் மனம் நிற்கவில்லை. 1845-ல் ஊருக்கு வெளியே வால்டன் என்ற குளக்கரைக்குப் போனார். தாமே ஒரு குடிசை கட்டினார். செலவு 28 டாலர் 12½ சென்ட். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே தனியாக இருந்தார். அந்தக் குடிசையில் அவர் படித்த புத்தகங்களில் ஒன்று, நம் பகவத் கீதை!

1846 ஜூலையில் ஒரு நாள், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் வந்தார். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். குற்றம் என்ன? தலைவரி கட்டவில்லை.

"மனிதனை ஆடுமாடு போல் விற்கும் சர்க்காருக்கு நான் ஏன் வரி கொடுக்க வேண்டும்?" என்பது அவர் வாதம். அமெரிக்கா மெக்சிகோ மீது தொடுத்த போரும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று இரவே யாரோ ஒருவர் வந்து வரியைக் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் விடுதலை. தோரோ நேராகப் போய்ச் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, நண்பர்களுடன் காட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டார்!

சிறையில் இருந்தது ஒரே ஓர் இரவுதான். ஆனால் அதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-ல் வெளிவந்தது. 1907-ல், தென் ஆப்பிரிக்காவில் இருந்த காந்திஜி, தம்முடைய "இந்தியன் ஒபீனியன்" பத்திரிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார். சத்தியாக்கிரகமே தோரோவிடமிருந்து வந்தது என்று சிலர் சொல்லுவது உண்டு. அது சரியல்ல. காந்திஜியின் போராட்டம் 1906-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கட்டுரை அவருக்குத் துணையாக நின்றது. பின்னால் மார்ட்டின் லூதர் கிங்கும் அதைப் படித்தார்.

தோரோ இதில் எதையும் பார்க்கவில்லை. அவருடைய முதல் புத்தகத்தில் 1,000 பிரதி அச்சிட்டார்கள். 706 பிரதி விற்காமல் திரும்பி வந்தது. "என் வீட்டு நூலகத்தில் சுமார் 900 புத்தகம். அதில் 700-க்கு மேல் நானே எழுதியது" என்ற பொருளில் அவர் வேடிக்கையாகக் குறித்து வைத்தார். 1862-ல் காச நோயால் இறந்தார். வயது 44.

மதராசுக்கு வந்த ஐஸ்

தோரோவின் குளத்துக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு.

அந்த வட்டாரத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஐஸை வாள் கொண்டு அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார்கள். மதராசில் அதை வைக்கக் கடற்கரையில் ஒரு கட்டிடம் எழும்பியது. அதுதான் "ஐஸ் ஹவுஸ்". 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் ஐஸ் வெட்ட ஆட்கள் வந்தார்கள். மதராசிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்கள் தம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று தோரோ பூரிப்போடு எழுதினார்.

விதைத்தவர் ஒருவர்

தோரோ உறங்கும் இடுகாட்டின் பெயர் ஸ்லீப்பி ஹாலோ. அதாவது, உறக்கப் பள்ளம்! அங்கே ஒரு மேட்டில் எழுத்தாளர்கள் வரிசையாக உறங்குகிறார்கள். தோரோவுக்குக் குடிசை போட நிலம் கொடுத்த எமர்சன் அங்கே இருக்கிறார். அவர் கல்லறையில் ஒரு பெரிய பாறை நிற்கிறது. செதுக்காத, வெளிர் சிவப்புப் படிகப் பாறை.

எழுத்தால் குடும்பத்தைக் காப்பாற்றிய லூயிசா மே ஆல்காட்டும் அங்கேதான். உள்நாட்டுப் போரில் நர்ஸாக வேலை பார்த்தவர். 1888 மார்ச் 4-ந் தேதி தந்தை இறந்தார். 6-ந் தேதி மகள் இறந்தார்.

நாவலாசிரியர் ஹாத்தார்ன் 1864-ல் இங்கே அடக்கமானார். மனைவி சோபியா 1871-ல் லண்டனில் இறந்தார். கணவர் அமெரிக்க மண்ணில், மனைவி இங்கிலாந்து மண்ணில்! 2006-ல்தான் சோபியாவின் எலும்புகளைக் கொண்டு வந்து கணவர் பக்கத்தில் வைத்தார்கள்.

இதே இடுகாட்டில் எப்ரேம் புல் என்பவரும் இருக்கிறார். எழுத்தாளர் அல்ல, தோட்டக்காரர். ஆனால் அவர் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

குளிரைத் தாங்கிச் சீக்கிரம் பழுக்கும் திராட்சை வேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டார். 22,000 நாற்று வளர்த்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கொடி தேறியது. அதுதான் "கான்கார்டு திராட்சை". 1850-களில் அதன் கன்றை 5 டாலருக்கு விற்றார். வாங்கிய நாற்றுப் பண்ணைக்காரர்கள் தாங்களே கன்று வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். இவருக்குக் காசு வரவில்லை. செடிக்கு உரிமை கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1930-ல். புல் இறந்தது 1895-ல், ஏழையாக. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு குடிக்கும் திராட்சை ரசம் அவருடைய திராட்சையிலிருந்து வந்தது.

"இவர் விதைத்தார், மற்றவர் அறுத்தார்" என்று அவர் கல்லறையில் எழுதியிருக்கிறார்கள்.

செருப்புத் தைத்து விடுதலை

கான்கார்டில் இதைவிடப் பழைய இடுகாடு ஒன்று குன்றின் மேல் இருக்கிறது. அங்கே ஜான் ஜாக் உறங்குகிறார்.

ஆப்பிரிக்காவில் பிறந்தவர். அடிமையாக விற்கப்பட்டு இங்கே வந்தவர். செருப்புத் தைத்துக் காசு சேர்த்தார். அந்தக் காசைக் கொடுத்துத் தம்மையே விலைக்கு வாங்கிக்கொண்டார்! கொஞ்சம் நிலமும் வாங்கினார். 1773-ல் இறந்தார். வயது சுமார் 60.

சுதந்திர நாட்டில் வாழ்ந்தும் அடிமையாக வாழ்ந்தவர் என்ற கருத்தில் அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். எழுதியவர் டேனியல் பிளிஸ் என்ற வக்கீல். அவர் பிரிட்டிஷ் அரசரின் கட்சிக்காரர். "சுதந்திரம், சுதந்திரம்" என்று முழங்கிய ஊராருக்கு அவர் வைத்த குட்டு அது! 1775 ஏப்ரல் 19-ந் தேதி கான்கார்டில் பிரிட்டிஷ் படையுடன் சண்டை நடந்தது. அமெரிக்க சுதந்திரப் போர் ஆரம்பித்த நாள் அதுதான். பிளிஸ் ஊரை விட்டுப் போனார். அவர் எழுதிய வாசகம் அங்கேயே இருக்கிறது. மாசசூசெட்ஸில் அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று கோர்ட்டு சொன்னது 1783-ல்தான்.

3 அடி உயரப் பரண்

கான்கார்டிலிருந்து பாஸ்டன் பக்கமாக வந்தால் கேம்பிரிட்ஜ் நகரம். அதுவும் மிடில்செக்ஸ் கவுண்டிதான். அங்கே 1831-ல் அமைத்த மவுண்ட் ஆபர்ன் இடுகாடு, பார்த்தால் பூங்கா போல் இருக்கும். பரப்பு சுமார் 175 ஏக்கர். கவிஞர் லாங்பெல்லோ முதல் எத்தனையோ பேர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் ஒரு பெண், ஹாரியட் ஜேக்கப்ஸ்.

தெற்கே வட கரோலினாவில் 1813-ல் அடிமையாகப் பிறந்தவர். எஜமானர் ஒரு டாக்டர். அவர் ஹாரியட்டிடம் முறைகேடாக நடக்க முயன்று ஓயாமல் தொல்லை கொடுத்தார். 1835-ல் ஹாரியட் ஓடி மறைந்தார். பிடித்துத் தருவோருக்கு 100 டாலர் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார் டாக்டர்.

ஹாரியட் எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை! அதே ஊரில், பாட்டி வீட்டில், பரணில் ஒளிந்துகொண்டார். நீளம் 9 அடி. அகலம் 7 அடி. உயரமான இடத்திலேயே 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. கோடையில் வெந்தார். குளிரில் விறைத்தார். கீழே அவருடைய இரண்டு குழந்தைகள் விளையாடின. சுவரில் ஒரு துளை போட்டு அதன் வழியாகக் குழந்தைகளைப் பார்த்தார். கூப்பிட முடியாது. கூப்பிட்டால் காட்டிக் கொடுத்ததாகும்.

இப்படி ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல; ஏறக்குறைய 7 வருஷம்!

1842-ல் கப்பலேறி வடக்கே தப்பினார். 1861-ல் தம் கதையை வேறு பெயரில் புத்தகமாக எழுதினார். ஒரு அடிமைப் பெண் இப்படி எழுதியிருக்க முடியுமா, இது யாரோ வெள்ளைக்கார அம்மாள் எழுதிய கற்பனை என்று பின்னால் வந்த பண்டிதர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1980-களில்தான் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய கடிதங்களைத் தேடி, எழுதியது ஹாரியட்தான் என்று நிலைநாட்டினார்.

ஹாரியட் 1897-ல் இறந்தார். மவுண்ட் ஆபர்னில், அவரைப் போலவே அடிமைத்தளையிலிருந்து தப்பிய தம்பி ஜானும் இருக்கிறார். துளை வழியாகத் தாய் பார்த்த மகள் லூயிசா, 1917-ல் இறந்தபோது, அவரையும் தாயின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.