காதில் பாட்டு, காலடியில் தண்டவாளம்: ஹெட்போன் மாட்டி நடப்பவர்களுக்கு அபராதம் போடலாமா?

சென்னை,

காதில் ஹெட்போன், கையில் செல்போன். பாட்டு கேட்டபடியே தண்டவாளத்தை கடந்த வாலிபர் ரெயில் மோதி பலி.

தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆவடி என்று ஊர் பெயர் மட்டும்தான் மாறுகிறது. செய்தி மாறுவதில்லை.

இப்படி செய்தி வரும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் ஒரே பட்டிமன்றம்தான். "ஹெல்மெட் போடலைன்னா அபராதம் போடுறாங்க. காதுல மாட்டிக்கிட்டு ரோட்டுல போறவனுக்கும் போட்டாத்தான் புத்தி வரும்" என்பது ஒரு கட்சி. "வண்டி வாங்க வழியில்லாம நடந்து போறவன்கிட்டயும் வசூலா?" என்பது எதிர்க்கட்சி.

இந்த பேச்சு வெறும் பேச்சு அல்ல. ரோட்டில் நடந்து செல்பவர்கள் தொடர்பான விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கோவையை சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை டாக்டர் ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில்தான் இந்த உத்தரவு பிறப்பிக்கப்பட்டது.

விதி என்றால் நடப்பவருக்கு பாதுகாப்பா? இல்லை, நடப்பவருக்கே அபராதமா? இதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்போனை கையில் பிடித்து பேசியபடி வண்டி ஓட்டினால் தமிழ்நாட்டில் ரூ.1,000 அபராதம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராத பட்டியலில் இது இருக்கிறது.

ஆனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடப்பவருக்கு என்று மோட்டார் வாகன சட்டத்தில் தனியாக அபராதம் எதுவும் கிடையாது.

தண்டவாளத்தில் கதையே வேறு. அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் நுழைவதே குற்றம். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் இதற்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடம் இருக்கிறது. காதில் ஹெட்போன் இருந்தாலும் குற்றம்தான், இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

9 வினாடிதான்

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ரெயில், ஒரு வினாடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. 200 மீட்டர் தூரத்தில் தெரியும் ரெயில் நம் காலடிக்கு வந்து சேர 9 வினாடிதான்.

ஆளை பார்த்ததும் டிரைவர் அவசர பிரேக் போட்டாலும், ரெயில் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்கி போகவும் வழியில்லை. டிரைவரால் செய்ய முடிந்தது ஹாரன் அடிப்பது மட்டும்தான். அந்த ஹாரனை கேட்க வேண்டிய காதை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு ரெயில் போனதும் "போயிடுச்சு" என்று காலை வைப்பார்கள். பக்கத்து தண்டவாளத்தில் எதிர்திசையில் வரும் ரெயில் கண்ணுக்கு தெரியாது. அதை காட்டிக்கொடுப்பது சத்தம்தான்.

ரோட்டிலும் சத்தம் குறைந்து வருகிறது. பேட்டரி ஸ்கூட்டர், பேட்டரி ஆட்டோ பின்னால் வந்து நின்றாலும் தெரிவதில்லை. சென்னையில் 2025-ம் ஆண்டு ஜூன் மாத கடைசியில் இருந்து மாநகர மின்சார பஸ்களும் ஓட தொடங்கின.

116 பேர் கதை

அமெரிக்காவில் ஹெட்போன் மாட்டியபடி நடந்து சென்று ரெயில் அல்லது வாகனம் மோதியவர்கள் பற்றி மேரிலாந்து பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு ஆய்வு நடத்தினர். 2012-ம் ஆண்டு அது வெளியானது.

2004 முதல் 2011 வரை அவர்கள் கணக்கில் எடுத்தது 116 பேர். அதில் 81 பேர் இறந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் ரெயில் மோதியவை. மூன்றில் இரண்டு பங்கு பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். 34 சம்பவங்களில் மோதுவதற்கு முன்பு ஹாரன் அல்லது சைரன் அடிக்கப்பட்டு இருக்கிறது. அடித்தும் பலன் இல்லை.

இது பெரும்பாலும் பத்திரிகை செய்திகளில் இருந்து திரட்டிய கணக்கு. ஹெட்போன்தான் சாவுக்கு காரணம் என்று இதை மட்டும் வைத்து தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை மணி என்று சொல்லலாம்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாண்ட்கிளேர் என்ற சிறிய நகரம் இருக்கிறது. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ரோட்டை கடக்கக்கூடாது என்று அங்கு 2018-ம் ஆண்டு சட்டம் வந்தது. அபராதம் 100 டாலர்.

ஹவாய் மாநிலத்தில் உள்ள ஹொனலுலு நகரில் 2017-ம் ஆண்டு வந்த சட்டம், செல்போன் திரையை பார்த்தபடி ரோட்டை கடப்பவர்களுக்கு மட்டும்தான். பாட்டு கேட்பவர்களை அது தொடவில்லை. நியூயார்க்கில் 2007-ம் ஆண்டு இதே போன்ற அபராத யோசனை கிளம்பியது. ஆனால் சட்டம் ஆகவில்லை.

அபராதம் போட்டால் யாருக்கு நஷ்டம்?

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளைக்கு சராசரியாக 90 பேர்.

இவர்கள் எல்லோருமா காதில் பாட்டு கேட்டார்கள்? நடைபாதையில் கடை, பைக், டிரான்ஸ்பார்மர் என்று எல்லாம் இருக்கும். மனிதன் நடக்க மட்டும் இடம் இருக்காது. ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். நல்ல நடைபாதை கிடைப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

பலரும் யோசிக்காத விஷயம் நஷ்டஈடு. நடந்து சென்றவர் மீது வண்டி மோதினால் குடும்பத்தினர் கோர்ட்டில் வழக்கு போடலாம். அடிபட்டவர் மீதும் தவறு இருக்கிறது என்று முடிவானால், அந்த அளவுக்கு நஷ்டஈட்டு தொகை குறைக்கப்படும். ஹெட்போன் மாட்டி நடப்பதே குற்றம் என்று சட்டம் வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி "காதில் என்ன இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும். அபராதம் சில நூறு ரூபாய். குடும்பத்துக்கு போகும் நஷ்டமோ லட்சக்கணக்கில்.

காது கேட்காதவர்கள் கதி?

2023-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி வண்டலூர் அருகே ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்தில் சென்ற 3 சிறுவர்கள் மின்சார ரெயில் மோதி பலியானார்கள். கர்நாடகாவை சேர்ந்த அந்த சிறுவர்கள் காது கேளாமை, வாய் பேச முடியாமை குறைபாடு உள்ளவர்கள்.

அவர்கள் காதில் ஹெட்போன் இல்லை. அவர்களுக்கு எந்த அபராதம் என்ன செய்திருக்கும்? அந்த மாதிரி இடங்களில் தேவை தடுப்பு சுவர், சுரங்கப்பாதை, நடைமேம்பாலம். ஹாரன் சத்தத்தை மட்டும் நம்பி உயிரை விடும் நிலை யாருக்கும் இருக்கக்கூடாது.

ஆகவே தண்டவாளத்துக்கு புது சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டமே போதும். கடக்க பாதுகாப்பான வழியை கட்டிக்கொடுத்து விட்டு, அதன் பிறகும் குறுக்கே போனால் அபராதம் போடுவது நியாயம். ரோட்டில் நடப்பவரை பொறுத்தவரை முதலில் நடைபாதை, அப்புறம்தான் அபராத பேச்சு.

அதற்காக காதில் மாட்டிக்கொண்டு தாராளமாக போகலாம் என்று அர்த்தம் இல்லை. "ஒரு காதுல மட்டும்தான் மாட்டியிருக்கேன்" என்பதும் சரிப்படாது. சத்தம் எந்த பக்கம் இருந்து வருகிறது என்று தெரிய இரண்டு காதும் வேண்டும். ரோட்டை கடக்கும் முன்பு, ரெயில்வே கேட் பக்கம் போகும் முன்பு இரண்டையும் கழற்றி பாக்கெட்டில் போடுங்கள்.

2 நிமிடம் நிறுத்தினால் பாட்டு எங்கேயும் ஓடிவிடாது. வீட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு ஒருத்தர் காத்திருப்பார்.