சுற்றிப் போனாலும் சீக்கிரம்!

மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் துபாய் போக வேண்டுமென்றால், மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் விமானம் ஏறலாம். மதுரையில் பகல் 12 மணிக்குப் புறப்பாடு, துபாயில் பிற்பகல் 2.30க்கு வருகை என்று டிக்கெட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பயணம் இரண்டரை மணி நேரம்தானா? இல்லை, நான்கு மணி நேரம். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம்.

இந்த நான்கு மணி நேரத்தை பிளஸ் டூ கணக்கு தெரிந்த யாரும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் மட்டும் தப்பாகிவிடும். பூமி உருண்டை என்பதால், பூகோள உருண்டையின் மீது இரண்டு ஊர்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் கோடுதான் மிகக் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

கணக்கு இதுதான்: இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகைகளுக்கும் சைன் மதிப்பு எடுத்துப் பெருக்குங்கள். அடுத்து, அவற்றின் கொசைன் மதிப்புகளோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, எந்தக் கோணத்துக்கு அந்தக் கொசைன் வரும் என்று கால்குலேட்டரில் பாருங்கள். மதுரை–துபாய்க்குச் சுமார் 26.5 டிகிரி வரும். பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. ஆக, தூரம் ஏறத்தாழ 2,950 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம். ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் அரை மணி நேரம் கூட்டினால் நான்கு.

இவ்வளவும் காற்று குறுக்கிடாதவரைதான். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும்; மேற்கே போவதை இழுத்துப் பிடிக்கும்.

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையைத் தொடங்கியபோது, விமானம் அட்லாண்டிக் கடல் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் வழியைக் கிழக்கே, பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் ஏறத்தாழ 15,300 கி.மீ. ஆனது, பயணமோ சுமார் 2 மணி நேரம் குறைந்தது! 1,400 கி.மீ. சுற்றுக்கான விலையைப் பின்காற்று கொடுத்துவிட்டது. நேரம் மட்டுமல்ல, எரிபொருளும் மிச்சம்.

ஆகவே அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். புறப்பாடு, வருகை இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் கழித்துப் பாருங்கள். உண்மையான பயண நேரம் அதுதான்.