பருத்தித் துணியும் பம்பர்ஸும்

கைக்குழந்தைக்குக் கடையில் வாங்கும் பம்பர்ஸ் வெறும் பஞ்சு அல்ல. ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்துவைக்கும் சோடியம் பொலிஅக்ரிலேட் துகள்களும் பிளாஸ்டிக் உறையும் அதில் உண்டு. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் நமது மட்டக்களப்பு வாவியில் அதை வீசினால் உக்காது, கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும். இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது அந்த வேரடியில்தான்.

நம்மிடம் பழைய பருத்திச் சேலை இருக்கிறது, வெயிலும் தாராளமாக இருக்கிறது. அதைக் குழந்தைக்குக் கட்டி, துவைத்துக் கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் பாவித்தால் துணியே சூழலுக்கு நல்லது. மெஷினில் சூடேற்றி உலர்த்தினால் அந்த நன்மை போய்விடும். 2008இல் பிரித்தானியாவில் வெளிவந்த அரச ஆய்வு சொன்னது இது.

மலத்தை மலசலகூடத்தில் கொட்டிவிட்டுத் துவையுங்கள். நன்றாக அலசுங்கள், மிஞ்சிய சவர்க்காரம் பிஞ்சுத் தோலை உறுத்தும். கல்லடி போன்ற மணற்பாங்கான ஊர்களில் கிணற்றடியில் துவைக்கவே வேண்டாம். அழுக்குநீர் மணலூடாகக் கிணற்றுக்கே இறங்கும்.

மார்கழி மழையில் துணி காயாது. அப்போது பம்பர்ஸ் கட்டுவதில் தவறில்லை. கழற்றியதைச் சுருட்டிக் கட்டி, குப்பை வண்டியிலேயே கொடுங்கள். வாவிக்கரையில் மட்டும் போடாதீர்கள், அம்மாமாரே, அப்பாமாரே.