மூன்றே வரிக் கவிதை! எழுத அவசரம் கூடாது!

சேலம் செவ்வாய்ப்பேட்டை என்றாலே பரபரப்புதான்!

செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை கூடியதால், இந்தப் பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சந்தை ஒரு நாள்தான். பரபரப்போ ஏழு நாளும் உண்டு! லீ பஜாரில் மூட்டைகள் ஏறும், இறங்கும். வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். சந்துக்குள் நுழைந்தால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள்.

இந்த இரைச்சலின் நடுவே உட்கார்ந்து ஒருவர் கவிதை எழுத முடியுமா?

முடியும்! நீண்ட காவியம் எழுத வேண்டாம். மூன்று வரி போதும். அந்தக் கவிதையின் பெயர் "ஹைக்கூ". அது பிறந்த இடம் ஜப்பான்.

ஜப்பானிய மொழியில் அதற்குக் கணக்கு உண்டு. முதல் வரியில் 5 அசை, இரண்டாவது வரியில் 7 அசை, மூன்றாவது வரியில் 5 அசை. ஆக மொத்தம் 17 அசை! மழை, பனி, பூ, தவளை என்று பருவ காலத்தைக் காட்டும் ஒரு சொல்லும் அதில் இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அசையை எண்ணுவது இல்லை. மூன்று வரி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"மூன்று வரிதானே! மூன்று நிமிடத்தில் எழுதிவிடலாம்" என்று நினைக்கிறீர்களா?

அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்!

கொலுசைப் பாருங்கள். கைக்குள் அடங்கும் பொருள்தான். ஆனால், வெள்ளியை உருக்க வேண்டும். கம்பியாக இழுக்க வேண்டும். வளையம் செய்து, ஒன்றோடு ஒன்று கோத்து, பற்ற வைத்து, மெருகு ஏற்ற வேண்டும். பொருள் சிறியது; வேலை பெரியது. மூன்று வரிக் கவிதையும் அப்படித்தான்!

வீடு எரிந்தது!

ஜப்பானில் பாஷோ என்று ஒரு பெரும் கவிஞர் இருந்தார். 1644-ம் ஆண்டு பிறந்தவர். 1694-ம் ஆண்டு இறந்தார். ஊர் ஊராக நடந்தே சென்று, கண்டதைக் கவிதையாக எழுதியவர். அவருடைய சீடர்களில் ஒருவர் ஹோகுஷி.

ஒரு சமயம் ஊரில் தீப்பிடித்தது. ஹோகுஷியின் வீடு எரிந்து போயிற்று!

அவர் என்ன செய்தார் தெரியுமா? அதைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதினார். அதில் அழுகை இல்லை; புலம்பல் இல்லை. வீடு எரிந்த செய்தியை ஒரு சொல்லில் முடித்துவிட்டார். மற்ற சொற்களை எல்லாம், பூக்கள் அமைதியாக உதிர்ந்ததைச் சொல்வதற்கே செலவழித்தார்.

அவருக்குத் துன்பம் இல்லையா? இல்லாமல் இருக்குமா! இருந்த வீடு அல்லவா? ஆனால், அந்த வேளையிலும் ஒரு கணம் நின்று, பூ உதிர்வதைப் பார்க்க அவரால் முடிந்தது. வீட்டை எரித்த தீயால், அந்த ஒரு கணத்தை எரிக்க முடியவில்லை!

பாரதியார் சொன்னது

இந்தச் செய்தியைத் தமிழர்களுக்குச் சொன்னவர் யார்? மகாகவி பாரதியார்!

அப்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். 1916-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "சுதேசமித்திரன்" பத்திரிகையில் "ஜப்பானியக் கவிதை" என்று ஒரு கட்டுரை எழுதினார். பாஷோவைப் பற்றியும் ஹோகுஷியைப் பற்றியும் அதில் கூறினார். சொற்களை வீணாக்காமல் எழுதும் ஜப்பானியரின் முறையைப் புகழ்ந்தார்.

சுருங்கச் சொல்வது நமக்குப் புதிது அல்ல. திருக்குறளுக்கு இரண்டே அடி, ஏழே சீர்! சங்க நூலான ஐங்குறுநூற்றில் 3 அடிப் பாடல்கள் உண்டு. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 அடி முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு மலை, ஒரு மழை, ஒரு பெண்ணின் மனம் எல்லாம் அடங்கிவிடும்!

1984-ம் ஆண்டு தமிழில் ஹைக்கூவுக்கு என்றே தனி நூல்கள் வெளிவந்தன. அமுதபாரதியின் "புள்ளிப் பூக்கள்", அறிவுமதியின் "புல்லின் நுனியில் பனித்துளி" ஆகியவை அந்த ஆண்டில் வந்தவை. அதன் பிறகு மூன்று வரிக் கவிதை தமிழ்நாடு எங்கும் பரவியது.

சேலத்துக் கவிஞர்

சேலத்திலும் ஒரு கவிஞர் இருந்தார். அவர் பெயர் சி.மணி. ஆங்கிலப் பேராசிரியர். தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். 1968-ம் ஆண்டு சேலத்தில் இருந்து "நடை" என்ற இலக்கியப் பத்திரிகை வெளிவருவதற்கு முக்கிய காரணமாக இருந்தவர் அவர். 2009-ம் ஆண்டு காலமானார்.

அவர் ஹைக்கூக் கவிஞர் அல்லர். நகர வாழ்க்கையின் நெருக்கடியை நீண்ட கவிதையாக எழுதியவர். ஆனால், அமைதியைப் பற்றிய பழைய சீன நூல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தார். அதன் பெயர் "தாவோ தே ஜிங்". லாவோ ட்சு என்ற ஞானி இயற்றியதாகச் சொல்லப்படும் நூல். 81 சிறு பகுதிகள் கொண்டது. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது.

அந்த நூல் ஒரு கருத்தைச் சொல்கிறது. பானையைக் களிமண்ணால் செய்கிறோம். ஆனால் தண்ணீர் நிற்பது மண்ணிலா? இல்லை! உள்ளே இருக்கும் வெற்றிடத்தில்தான் நிற்கிறது. வெற்றிடம் இல்லாவிட்டால் பானையால் பயன் இல்லை.

நாளும் ஒரு பானைதான். விடிந்தது முதல் இரவு வரை வேலையையும் கவலையையும் போட்டு அடைத்துவிட்டால், வேறு எதற்கும் அதில் இடம் இருக்காது!

நேரம் எங்கே இருக்கிறது?

"இது எல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்ய வேண்டியது" என்று சிலர் சொல்லலாம். அது சரி அல்ல.

இஸ்ஸா என்ற ஜப்பானியக் கவிஞர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். 50 வயதைக் கடந்த பிறகுதான் அவருக்குத் திருமணம் நடந்தது. பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. 1819-ம் ஆண்டு, செல்ல மகள் அம்மை நோயில் போய்விட்டாள். அந்தத் துயரத்தையும் அவர் மூன்று வரியில் எழுதினார். 200 ஆண்டு கழிந்தும் படிப்பவர்கள் கண் கலங்குகிறார்கள்!

"ஹைக்கூ" என்ற பெயரை நிலைநாட்டிய ஷிகி, முதுகெலும்பில் காச நோய் வந்து ஆண்டுக் கணக்கில் படுக்கையில் கிடந்தார். 1902-ம் ஆண்டு இறக்கும்போது அவருக்கு வயது 34. படுக்கையில் இருந்து தெரிந்த சிறு தோட்டத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதினார்.

இவர்கள் யாரும் ஓய்வும் வசதியும் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிடைத்த கணத்தில் நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான்!

நீங்களும் எழுதலாம்!

எப்படி எழுதுவது? முதலில் பேனாவை எடுக்காதீர்கள்! பாருங்கள். பார்த்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "ஐயோ", "ஆஹா" என்று நீங்கள் சொல்ல வேண்டாம். படிப்பவர் சொல்லட்டும்!

லீ பஜாரில் மூட்டை சுமக்கும் தொழிலாளியைப் பார்க்கிறீர்கள். "பாவம், இவர் படும் பாடு பெரும் பாடு" என்று எழுதினால் அது செய்தி. சற்று நின்று பாருங்கள். மூட்டை இறங்கிய அந்த நொடியில் என்ன நடக்கிறது?

மூட்டை இறங்கியது.
முதலில் நிமிர்ந்தது
நிழல்.

இதில் பாவம் என்ற சொல் இல்லை. முதுகு வலி என்ற சொல்லும் இல்லை. ஆனால் இரண்டும் தெரிகின்றன அல்லவா?

எழுதியதை உடனே யாருக்கும் காட்டாதீர்கள். இப்போது கைப்பேசி வந்துவிட்டது. எழுதிய மறு நொடியே ஊருக்கு எல்லாம் அனுப்பிவிடலாம். வேண்டாம்! ஓர் இரவு அது நோட்டில் கிடக்கட்டும். காலையில் எடுத்துப் படியுங்கள். வேண்டாத சொல் ஒன்று கண்ணில் படும். அதை அடியுங்கள். மறு நாள் இன்னொன்று தெரியும். அதையும் அடியுங்கள்.

வீட்டில் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் மூன்று வரி எழுதலாம். அடுப்பில் உலை கொதிக்கும் வரை, பஸ் வரும் வரை, கடைக்கு அடுத்த ஆள் வரும் வரை கிடைக்கும் நேரம் போதும்.

நல்ல கவிதை வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. அன்று ஒரு நிமிடமாவது ஓடாமல் நின்றோமே, அது லாபம்தானே!