புளியமரத்துக்கும் நாடி துடிக்கும்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 மீட்டர். சாலையோரம் 15 மீட்டருக்கு ஒன்றாகப் புளியமரங்கள். காலை வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது. டிரைவரின் கன்னத்தில் நிழல், வெயில், நிழல், வெயில் என்று மாறி மாறி விழும். நிமிடத்துக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட்டால் 80 வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் இதயமும் நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் துடிக்கும். டேஷ்போர்டில் இருக்கும் ஒரு கேமரா அந்தக் கன்னத்தைப் பார்த்து ‘துடிப்பு 80’ என்று சொன்னால், அது டிரைவருடையதா, புளியமரத்துடையதா?

முகத்தைப் பார்த்தே நாடித்துடிப்பை எண்ணும் கேமராவைக் காருக்குள் வைக்க முயலும் பொறியாளர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. துடிப்பைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய பாடாக இல்லை. துடிப்பு இல்லாததைத் தள்ளுவதில்தான் தாவு தீர்கிறது.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலுக்கு அடியில் உள்ள நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, பிறகு வடிகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். எனவே துடிப்புக்குத் துடிப்பு நம் முகத்தில் இருந்து திரும்பும் பச்சை ஒளி ஒரு துளி குறைந்து கூடுகிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டரும் ரத்தம் ஒளியை விழுங்குவதை வைத்தே வேலை செய்கிறது. அதற்குத் தனி விளக்கு உண்டு, விரலோடு ஒட்டி உட்காரும். முகத்தில் எதையும் ஒட்டாமல், அறையில் இருக்கும் வெளிச்சத்திலேயே, கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவால் இதை எடுக்க முடியும் என்று 2008-ல் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகக் குழு ஒன்று காட்டியது. 2010-ல் எம்.ஐ.டி. மீடியா லேபில் லேப்டாப்பின் வெப்கேமே போதும் என்றார்கள்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? சாதாரணக் கேமரா ஒவ்வொரு பிக்செலின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரையிலான ஒரு எண்ணாகத்தான் எழுதும். நாடியால் வரும் மாற்றமோ பல சமயம் அதில் ஒரு படிகூட இருக்காது. ஒரு பிக்செலைக் கேட்டால் ‘143’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும் பத்தாயிரம் பிக்செல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை. சில 143-க்கும் 142-க்கும் நடுவில், விளிம்பில் நிற்கும். ரத்தம் ஏறும் நொடியில் அவற்றில் கொஞ்சம் 142-க்குச் சரியும். மொத்தத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 142.8, 142.6, 142.8 என்று ஒரு மெல்லிய அலை எழுந்து விழும். அந்த அலைதான் நாடி.

ஆய்வகத்தில், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் சரி. கார் ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்ப்பார், பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவார், பள்ளத்தில் இறங்கி ஏறுவார். தலை லேசாகத் திரும்பினாலே கன்னத்தின் வெளிச்சம் நாடியைவிடப் பல மடங்கு மாறிவிடும்.

இன்ஜினும் தன் பங்குக்குக் கெடுக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது நிமிடத்துக்கு 870 சுற்று ஓடினால் விநாடிக்கு 29 அதிர்வு. கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. 29-க்கும் 30-க்கும் உள்ள அந்த ஒன்றின் வித்தியாசம், படத்தில் விநாடிக்கு ஒரு முறை ஆடும் மெதுவான அசைவாகத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தெரியுமே, அதே கண்கட்டு. கேமராவின் கணக்கில் அது நிமிடத்துக்கு 60 துடிப்பு. ஓய்வாக இருக்கும் இதயத்துக்குக் கச்சிதமான எண்!

நிழலைத் தள்ள வண்ணம் கைகொடுக்கிறது. மரநிழல் விழுந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும். நாடி துடித்தால் அப்படி இல்லை. பச்சையில் அதிகம், சிவப்பில் குறைவு. மூன்றையும் ஒன்றோடு ஒன்று வகுத்துக் கழித்தால் நிழல் அடிபட்டுப்போகும், நாடி மிஞ்சும். 2013-ல் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் தந்த வழி இது. ஒரே நிபந்தனை: நேர் வெயில் பட்டுப் பிக்செல் 255-ல் முட்டி நிற்கக் கூடாது. முட்டிவிட்டால் அங்கே கழிக்க எதுவும் இருக்காது.

இரவில் வண்ணமே இல்லை. டிரைவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் முகத்துக்கு வெளிச்சம் தர வேண்டுமானால் அகச்சிவப்பு விளக்குதான் வழி. அதில் எந்த அலைநீளம் என்பதில் ஓர் அழகான தேர்வு இருக்கிறது. 940 நானோமீட்டர் அருகே சூரிய ஒளியைக் காற்றில் உள்ள நீராவி விழுங்கிவிடுவதால், அந்த அலைநீளத்தில் தரைக்கு வரும் வெயில் குறைவு. கேமரா அந்த அலைநீளத்தை மட்டும் பார்த்தால், பகலிலும்கூட மரநிழலின் ஆட்டம் அடங்கி, தன் சொந்த விளக்கின் வெளிச்சத்தையே பெரும்பாலும் பார்க்கும். விலையும் உண்டு: அந்த அலைநீளத்தில் கேமராவின் சில்லுக்குப் பார்வை மங்கல், நாடியின் அலையும் பச்சையில் இருந்ததைவிடப் பலவீனம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வகமும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனது. முகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நெற்றியில் துடிப்பதும் கன்னத்தில் துடிப்பதும் ஒரே இதயம். எனவே எல்லாத் துண்டிலும் பொதுவாக வரும் தாளத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொன்று சொல்வதைத் தள்ளினார்கள். அதில் பங்கேற்ற ரைஸ் பேராசிரியர் அசோக் வீரராகவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

நம்மைப் போன்ற நிறக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. மெலனின் அதிகம் உள்ள தோல் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்வதால் ரத்தத்தின் அலை இன்னும் சிறுக்கிறது. மிகக் கறுத்த தோலில் இந்த முறைகள் தடுமாறுவதை 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அதிலும் வீரராகவன் உண்டு. அகச்சிவப்பில் மெலனினின் தலையீடு குறைவு. ஐரோப்பிய முகங்களை வைத்துச் சோதித்த கேமராவை அப்படியே இங்கே மாட்டச் சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: யார் யார் முகத்தில் சோதித்தீர்கள்?

சரி, எண் சரியாகவே வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது துடிப்பு சற்று இறங்கும். ஆனால் பாட்டை மாற்றினாலும், நெரிசல் தீர்ந்தாலும் கூடத்தான் இறங்கும். கூர்மையான தடயம் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. அது சில பத்து மில்லிவிநாடிக் கணக்கு. விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவிநாடி ஓடிவிடும். சென்டிமீட்டர் கோடு மட்டும் போட்ட ஸ்கேலால் நூலின் தடிமனை அளப்பதுபோல.

2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டுநர் ஒருவர் ஸ்டியரிங்கிலேயே மயங்கினார். லாரி நடைபாதையில் ஏறி 6 பேர் இறந்தார்கள். எல்லாம் 19 விநாடிகளில் முடிந்துவிட்டது. மாரடைப்பு இல்லை, திடீர் மயக்கம். நாடி பார்க்கும் கேமரா அந்த லாரியில் இருந்திருந்தால்? பத்து விநாடி வீடியோவை வைத்து எளிய முறையில் அலைவெண் கணக்கிட்டால் துடிப்பு 6 வரை முன்பின் ஆகலாம். 3-க்குள் நிறுத்த வேண்டுமானால் இருபது விநாடி வேண்டும். மயக்கத்துக்குப் பிறகான முதல் நம்பகமான எண்ணைக் கேமரா சொல்லும் முன்பே லாரி நின்றிருக்கும். தலை சாய்ந்ததையும் கண் மூடியதையும் பார்க்கும் கேமராவோ சில விநாடிகளில் பிரேக்கைப் போட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம். அந்த விதி நாடியைக் கேட்கவில்லை. வண்டி ஓடும் விதத்தையோ கண்ணையோ பார்த்தே அதை நிறைவேற்றிவிடலாம்.

ஆகவே நாடிக் கேமராவை விபத்து நொடிக்கான காவலாக விற்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பேன். ராத்திரி முழுக்க ஓட்டும் ஒரு டிரைவரின் துடிப்பு பத்து மணிக்கு எப்படி, மூன்று மணிக்கு எப்படி என்று மெதுவாகச் சேர்த்துவைக்கும் வேலைக்கு அது பொருந்தும். அந்தக் கணக்கு முதலில் தெரிய வேண்டியது டிரைவருக்கு. வண்டி முதலாளியின் செல்போனுக்கு நேராகப் போனால், நாளைக்கு அந்தக் கேமரா மேல் ஒரு துண்டு தொங்கும்.