கடலிலிருந்து படிக்க வேண்டிய ஊர்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், கப்பலில் வந்து இறங்கியவர்களாலும் இறக்கப்பட்டவர்களாலும் உருவான ஊர் என்பதால், அதன் பழைய கட்டடங்களும் படகுத்துறைகளும் நீரை நோக்கியே அமைந்தன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற இந்நகரின் துறைமுகம், கிழக்கே கடலுக்கு வாய் திறந்து, மேற்கிலும் தெற்கிலும் நிலத்துக்குள் நெடுந்தூரம் நுழைந்து செல்லும் ஓர் இயற்கை விரிகுடா ஆகும். அந்த விரிகுடாவைப் படகில் சுற்றிக் காட்டும் மாலைப் பயணத்தை உள்ளூரில் ஹார்பர் குரூஸ் என்பர். பிற்பகலில் புறப்பட்டு வைப்பர் தீவு வரை சென்று திரும்பும் படகுகள் நெடுங்காலமாக ஓடுகின்றன. இசையும் இரவு உணவும் சேர்ந்த தனியார் உல்லாசப் பயணம் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது.

பயண நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டுப் பயணி கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை, அதாவது வடக்குத் தெற்காக வரையப்பட்ட கற்பனைக் கோட்டை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படுகிறது. போர்ட் பிளேர் அதற்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே இருப்பதால், அங்கே சூரியன் கடிகாரத்தை முந்திக்கொண்டு மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே சென்னைப் பழக்கத்தில் 6 மணிக்குப் படகேறுபவருக்குக் கரையோர விளக்குகள் தெரியும், கரை தெரியாது. உணவைக் காட்டிலும் வரலாற்றை நாடுவோர் வெயில் இருக்கும்போதே புறப்படும் படகைக் கேட்டு வாங்குவது நல்லது.

விரிகுடாவின் வாயிலில் ராஸ் தீவு நிற்கிறது. 1858 மார்ச் 10ஆம் நாள், மருத்துவரும் சிறை அதிகாரியுமான ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் இத்துறைமுகத்தில் வந்திறங்கினார். முந்தைய ஆண்டு வட இந்தியாவில் கிளர்ந்த பெரும் எழுச்சியில் பங்கேற்றவர்களைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் மீளமுடியாத தொலைவுக்கு அகற்றுவதே ஆங்கில அரசின் நோக்கம். முதலில் தேர்ந்த சாத்தம் தீவில் நன்னீர் போதாமையால் தலைமையிடம் ராஸுக்கு மாற்றப்பட்டு, 1940களின் தொடக்கம் வரை அங்கேயே நீடித்தது. மாதாகோயில், ரொட்டிக்கூடம், ஆணையர் மாளிகை என்று ஆங்கிலேயர் அங்கே எழுப்பிய அனைத்தும் இன்று மரவேர்களின் பிடியில் சிதைந்து நிற்கின்றன. 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர்.

ராஸுக்கு எதிரே, அட்லாண்டா முனை என்னும் மேட்டில், செல்லுலார் சிறை தெரிகிறது. அறைக்கு ஒருவராகக் கைதிகளைத் தனிமையில் அடைப்பதற்கென 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அக்கட்டடத்தின் ஏழு கிளைகளில் மூன்றே எஞ்சியுள்ளன. 1890இல் தீவுகளைப் பார்வையிட்ட லயல், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அதிகாரிகள், அந்தமான் தண்டனைக்கு இருந்த அச்சம் மக்களிடம் மங்கிவிட்டதாகக் கருதி, கைதிகள் தொடக்கக் காலத்தைக் கடும் தனிமையில் கழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர்; அதன் விளைவே இச்சிறை. இதனை ஒவ்வொரு பயணியும் அறிவார். நடந்தே சென்று பார்க்கவும் செய்வார். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளின் துயரம் எங்கே நிகழ்ந்தது என்பதைப் பெரும்பாலோர் அறிவதில்லை. அதை அறிவதற்குப் படகே வழி.

உட்புறமாகத் திரும்பும் படகு, கடற்படையின் மிதக்கும் உலர்துறையை, அதாவது கப்பலை நீருக்கு மேலே தூக்கிப் பழுது பார்க்க உதவும் மிதவைத் தளத்தைக் கடந்து சாத்தம் தீவை அடைகிறது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தை நிறுவியது இங்கேதான். 1883இல் தொடங்கப்பட்ட அரசு மரம் அறுக்கும் ஆலை இன்றும் இங்கே இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் வீசிய குண்டு தோண்டிய பள்ளத்தை அதன் வளாகத்துக்குள் காணலாம். அருகிலுள்ள ஹாடோ துறை தமிழர்க்கு நெருக்கமானது. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதந்து வரும் பயணிகள் கப்பல்கள் அணையும் இடம் அதுவே. 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர். அக்குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் கப்பலேறி வந்தவர்களே.

அதற்கும் உள்ளே, நீர் அசைவற்றுக் கிடக்கும் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது வைப்பர் தீவு. பிளேர் ஓட்டிவந்த கப்பலின் பெயரைத் தாங்கும் இச்சிறு தீவில், செல்லுலார் சிறை எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 1860களில் சிறை கட்டப்பட்டது. குடியேற்றத்தின் விதிகளை மீறியவர்கள் இங்கே ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு உழைக்க வைக்கப்பட்டனர். குன்றின் உச்சியில் குவிமாடத்துடன் நிற்கும் சிவந்த கட்டடம் தூக்குமேடை; அது படகிலிருந்தே தெரியும் உயரத்தில் இருக்கிறது. தப்பியோட முயன்றவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதற்குக் குடியேற்றத்தின் முதல் ஆண்டான 1858ஏ சான்று. காட்டுக்குள் ஓடிப் பிடிபட்டவர்களுள் எண்பதுக்கும் மேலானோரை வாக்கர் தூக்கிலிட்டார். மேலிடமே அதை ஏற்காமல் கண்டித்தது. அவர்கள் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. செல்லுலார் சிறையில் இருந்தவர்கள் எழுதும் வாய்ப்புப் பெற்றனர். வைப்பரில் சங்கிலியில் கிடந்தவர்களுள் மிகப் பலர் எழுத்தறியாத சிப்பாய்களும் உழவர்களும் ஆவர். அவர்கள் மறக்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

இத்துறைமுகத்தை ஒரே நாளில் படகில் சுற்றியவர்களுள் வரலாறு நன்கு பதிந்து வைத்திருப்பவர், இந்தியாவின் வைசிராயாக, அதாவது பிரிட்டிஷ் முடியின் பதிலாளராக இருந்த மேயோ பிரபு. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் அவர் ராஸையும் வைப்பரையும் சாத்தத்தையும் பார்த்துவிட்டு, பொழுது இருக்கிறதே என்று எதிர்க்கரையிலுள்ள ஹாரியட் மலைமீது ஏறினார். நோயாளிகளுக்கான ஓய்வில்லம் அமைக்க அம்மலை ஏற்றதா என்று பார்ப்பது அவர் எண்ணம். உச்சியிலிருந்து சூரியன் மறைவதையும் கண்டு மகிழ்ந்தார். இருட்டிய பின் தீவட்டி வெளிச்சத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்து படகேற முனைந்தபோது, ஷேர் அலி அப்ரிடி என்னும் பதான் கைதி பாய்ந்து கத்தியால் குத்தினார். மேயோ சிறிது நேரத்தில் இறந்தார். அவர் மனைவி துறைமுகத்தில் நின்ற கப்பலில் காத்திருந்தார். ஷேர் அலி அடுத்த மாதம் 11ஆம் நாள் வைப்பரில் தூக்கிலிடப்பட்டார். இன்றைய மாலைப் படகு செல்லும் நீர்வழி பெரும்பாலும் அன்று மேயோ சென்ற வழியே. 1891 போருக்குப் பின் மணிப்பூர் அரசரும் பிறரும் நாடு கடத்தப்பட்டு இப்பகுதியில் வைக்கப்பட்டதன் நினைவாக, 2021இல் ஹாரியட் மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டப்பட்டது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்வான கரைகளிலும், சிப்பிகாட் போன்ற ஊர்களின் வயல்களிலும் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. ஆகவே பயணி பார்க்கும் கரையும் மேயோ பார்த்த கரையும் ஒன்றல்ல.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவுக்கு அருகே, அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகொன்று மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள். உயிர்காப்பு அங்கியை முதல் நிமிடத்திலேயே அணிவதும், நெரிசலான படகில் ஏற மறுப்பதும் பயணியின் உரிமை. யாரும் இதைக் கூச்சத்தால் விட்டுவிடக்கூடாது.

உணவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தட்டுகள் வரும் நேரத்தில் படகு எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். வைப்பரை நெருங்கும்போதாவது ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தி, அக்குன்றில் நடந்ததைப் பயணிகள் அறிந்த மொழிகளில், அதாவது இந்தியோடு வங்காளத்திலும் தமிழிலும், சில நிமிடங்கள் எடுத்துரைக்கப் படகு நடத்துவோர் முன்வரவேண்டும். அதற்குப் பெரும் செலவில்லை. நன்கு எழுதிப் பதிவு செய்த ஓர் உரை போதும்.